செத்த அசுரன் எழுந்த கதை

அறிவழகன் வாயில் சதா புரளும் சொல் 'வராது'. மழை வராது, கரண்ட் கட் வராது, அந்தக் கேள்வி பரீட்சையில் வராது. அவன் வராது என்று சொன்னதெல்லாம் வாரம் திரும்புவதற்குள் வாசலில் வந்து நிற்கும். கல்லூரியில் கூடப் படித்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனோடு பெரம்பலூர் துறையூர் ரோட்டில், ஒரு பம்புசெட் கடையின் மேல்மாடியில், கூட்டாகத் தொழில் நடத்துகிறேன் என்றால் என் பொறுமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சீரியல் செட் போடுகிறார்களே, அவர்களுக்குத்தான் நாங்கள் கண்ட்ரோலர் செய்து கொடுக்கிறோம். இரண்டு மாடி உயரத்துக்குச் சவுக்குக் கட்டை கட்டி, அம்மன் சூலம் எறிவதும் மயில் தோகை விரிப்பதும் பல்புகளாலேயே ஓடும் அல்லவா, அந்த ஓட்டத்தை நடத்துகிற பெட்டி எங்களுடையது. எந்த பல்பு எப்போது எரிய வேண்டும் என்று செட் போடுகிறவரே எழுதிக்கொள்ள ஒரு சின்ன மொழி வைத்திருக்கிறோம். பெயர் 'மினுக்கு'. ஏற்று, அணை, திரும்பச் செய், முடி என்று எல்லாமே தமிழ்ச் சொற்கள். எழுதியதைச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது எங்கள் கம்பைலர். அதன் முன்பாதி, எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும். அது அறிவழகன் வேலை. பின்பாதி, புரிந்துகொண்டதைச் சிப்புக்கான கட்டளையாக்கும். அது என் வேலை.

பழைய சிப் கிடைப்பது நின்றுபோய்ப் புதிய சிப்புக்கு மாறியபோது, பின்பாதியை நான் அடியிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை அது. பாதி முடிந்தபோதே ஆட்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். எழுதாமல் விட்ட இடங்களில் நான் இரண்டு விதமான குறி போட்டு வைப்பேன். ஒன்று 'இன்னும் எழுதவில்லை'. யாராவது அந்த இடத்தைத் தொட்டால் கம்பைலர் அங்கேயே நின்று, என்ன இல்லை என்று சொல்லிவிடும். மற்றொன்று 'இங்கே வராது'. அது ஒரு வாக்கு. அந்த வாக்கை நம்பி அங்கே எந்தக் காவலும் இருக்காது. எல்லாம் வேகமாக நடக்கும். ஆனால் மீறி யாராவது வந்துவிட்டால், பக்கத்தில் வேறு எதற்காகவோ எழுதி வைத்திருப்பதில் போய் விழுவார்கள். ரோட்டில் பள்ளம் தோண்டிவிட்டு 'வேலை நடக்கிறது' என்று பலகை வைப்பது முதல் வகை. இந்தப் பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று பலகை வைக்காமல் சாப்பிடப் போவது இரண்டாவது வகை.

எது வரும், எது வராது என்பது முன்பாதிக்காரனுக்குத்தான் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக அறிவழகனைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

"அறிவு, காலிச் சுற்று வருமா?" என்றேன் ஒரு நாள். 'திரும்பச் செய்' என்று ஆரம்பித்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் 'முடி' என்று முடித்தால் அது காலிச் சுற்று.

"வரவே வராது. அத மொதல்லயே நான் கழிச்சு விட்டுடறேன். நீ பாட்டுக்கு எழுது" என்றான், வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டே.

நானும் 'இங்கே வராது' என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது மணிவண்ணனைச் சொல்ல வேண்டும். குரும்பலூர்க்காரன். சின்ன வயதிலிருந்தே ஒரு செட் முதலாளியிடம் வேலை பார்த்து, போன வருஷம்தான் சொந்தமாகச் செட் வைத்தான். கையில் வேலை உண்டு, வாயில் பணிவு உண்டு, எனக்குப் பிடித்த வாடிக்கையாளன். அவன் மனைவி பூங்காவனம் அரியலூர்ப் பக்கத்துப் பெண். பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா அரியமுத்து, "வயரப் புடிச்சுக் கம்பத்துல தொங்கறவனுக்கா எம் பொண்ணு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். பூங்காவனம் கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றதால் கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் மருமகனோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்திலேயே அவன் உட்கார்ந்திருப்பான். "பூங்காவனம், அவருக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்பார். "பூங்காவனம், அவருக்கு பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேளு" என்பார். மணிவண்ணனும் மரியாதையாகப் பூங்காவனத்திடமே பதில் சொல்லுவான்.

இந்தச் சித்திரையில் பூங்காவனத்தின் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குச் செட் போடுகிற வேலை மணிவண்ணனுக்கே வந்தது. விழாக் கமிட்டியில் அரியமுத்துவும் ஒருவர். ஊரே கூடுகிற இடத்தில், மாமனார் கண்ணெதிரில், தன் வேலையைக் காட்ட அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

"அக்கா, நல்லா வந்துட்டா எங்க மாமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசிடுவாருக்கா. அது போதும்" என்று எங்கள் மாடிப்படியில் நின்று சொன்னான். நேரத்துக்குப் போய்ச் சேரச் சொல்லி அவனை அதட்டி அனுப்பினேன்.

திருவிழா அன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிறேன், போன்.

"அக்கா, அசுரன் எந்திரிக்கிறான்க்கா" என்றான் மணிவண்ணன். குரலில் அழுகை.

அறிவழகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் தூசியைத் தின்றுகொண்டே, "சிப்பு சூடாயிருக்கும், வேற ஒண்ணும் இருக்காது" என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே வந்தான் அவன். நான் வாயைத் திறந்திருந்தால் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன்.

கோயில் முன்னால், அம்மன் அசுரனைக் கொல்கிற பல்பு போர்டு கம்பீரமாக நின்றது. பகல் வெளிச்சத்திலும் பல்புகள் நன்றாகத் தெரிந்தன. மணிவண்ணன் பட்டனைத் தட்டினான். தரையில் விழுந்து கிடந்த அசுரன் நெஞ்சிலிருந்து சூலம் கழன்றது. அது அப்படியே மிதந்து அம்மன் கைக்குத் திரும்பிப் போனது. அசுரன் ஒரு காலை ஊன்றி எழுந்து, நிமிர்ந்து நின்று, கதாயுதத்தைத் தூக்கினான். அம்மனின் சிங்கம் அடிமேல் அடியாகப் பின்வாங்கிப் போர்டின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். பெரியவர்கள் யாரும் கைதட்டவில்லை.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அரியமுத்து வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். "பூங்காவனம், செத்தவன எழுப்பி விடறதுக்கு நாம ஆள் சொல்லலையேன்னு அவர்ட்ட சொல்லு."

பூங்காவனம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மணிவண்ணன் நிஜமாகவே கலங்கிப்போயிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் பதற்றமாகிவிட்டது. சாமி புறப்பட விளக்கு வைக்கிற நேரம் ஆகும். அதற்குள் இது நேராக வேண்டும்.

"நேத்து குரும்பலூர்ல ஓட்டிப் பாத்தேன்க்கா. அச்சு அசலா ஓடுச்சு. அசுரன் அழகா செத்தான்."

"அதுக்கப்புறம் எதையாச்சும் மாத்துனியா?"

"ஒண்ணும் மாத்தலக்கா. சுழி மட்டுந்தான் போட்டேன்."

லேப்டாப்பைப் பிடுங்கிப் பார்த்தேன். முதல் வரி 'திரும்பச் செய்'. இரண்டாவது வரி 'முடி'. நடுவில் ஒன்றுமில்லை.

"இதுதான் சுழியா?"

"ஆமாங்கக்கா, பிள்ளையார் சுழி. சுத்தி வந்து முடியுதுல்ல? நான் எப்பவும் இப்படித்தான் போடுவேன். சோதனைக்கெல்லாம் போட மாட்டேன், நல்ல காரியத்துக்குத்தான். காலைல குளிச்சிட்டு, சூடம் காட்டி, சுழி போட்டு, அப்புறந்தான் பெட்டில ஏத்துனேன்."

"கம்பைலர் கண்டுக்காத குறிப்பா எழுத வேண்டியதுதானே?"

"குறிப்பா எழுதுனா அது பெட்டிக்குள்ள போவாதுல்லக்கா? சுழி உள்ள போவணும்."

நான் திரும்பி அறிவழகனைப் பார்த்தேன். அவன் ஐஸ் வண்டியை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறிவு. காலிச் சுற்ற நீ கழிச்சு விடறதா சொன்ன."

"கழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று ஆரம்பித்தான். காலிச் சுற்றைக் கழிக்கும்போதெல்லாம் அவனுடைய முன்பாதி 'பயனற்ற வரி நீக்கப்பட்டது' என்று திரையில் காட்டுமாம். அதைப் பார்த்த மணிவண்ணன் போன் பண்ணி, "பிள்ளையார் சுழியப் போயி பயனில்லாததுங்குதே சார் ஒங்க மிசினு?" என்று கேட்டிருக்கிறான். அவன் மனம் நோகக் கூடாது என்று இவன் போன வாரம்தான் கழிக்கிற வேலையையே எடுத்துவிட்டான். "பாவம், நம்பிக்கை விசயம் பிரவீணா" என்றான்.

"எங்கிட்ட சொன்னியா?"

"நீ பிசியா இருந்த."

வராது என்று நான் காவல் போடாமல் விட்ட இடத்துக்குப் பிள்ளையார் சுழி நேராக வந்து இறங்கியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்தது 'பின்னோக்கி ஓடு' என்கிற கட்டளை. சுழி அதில் விழுந்ததும் போர்டு முழுவதும் தலைகீழாக ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் மேஜையில் சோதனை போடும்போது நாங்கள் யாரும் சுழி போட்டதில்லை. அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

"அந்த ரெண்டு வரிய எடுத்துடு மணி. முடிஞ்சுது" என்றான் அறிவழகன்.

மணிவண்ணன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். "சார், அத மட்டும் சொல்லாதீங்க. போட்ட சுழிய அழிக்கச் சொல்றீங்களே, அதுவும் கோயில் வாசல்ல! அதுக்கு அசுரன் எந்திரிச்சா எந்திரிக்கட்டும்னு வுட்டுட்டுப் போயிடறேன்."

அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தவிர, தப்பு அவன் மேல் இல்லை. அவன் எழுதியது எங்கள் மொழியில் சரியான வாக்கியம்தான். புதிய சிப்பில் 'ஒரு கணம் சும்மா இரு' என்று ஒரு கட்டளை உண்டு. காலிச் சுற்று வந்தால் அந்தக் கட்டளையைப் போடு என்று பின்பாதியில் எழுதினேன்.

"இப்ப சுழி உள்ள போவுமாக்கா?"

"போவும். முதல் ஆளா போவும்."

அவன் முகம் தெளிந்தது. ஆனால் எனக்குத் தெளியவில்லை. பின்பாதியில் 'வராது' என்று தேடினால் இன்னும் ஏழெட்டு இடங்கள் வந்து நின்றன. எல்லாம் அறிவழகன் வடையும் டீயுமாகக் கொடுத்த வாக்குகள். சாமி புறப்பாட்டின் நடுவில் அதில் ஒன்று வாயைப் பிளந்தால் யார் பதில் சொல்வது?

"அறிவு, வா இப்படி. ஒண்ணொண்ணா கேக்கறேன். இது வருமா?"

"வராது."

"இது?"

"வராது பிரவீணா, எத்தன தடவ சொல்றது?"

அப்போது பூங்காவனம் சாமி கும்பிட்ட தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியவில்லை. தட்டை வாங்கி அவன் முன்னால் நீட்டினேன்.

"இந்தா. சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிச் சொல்லு, வராதுன்னு."

"ஏய், வெளையாடாத."

"வெளையாடல. மாரியம்மன் வாசல். சத்தியம் பண்ணு, நான் அப்படியே விட்டுடறேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. வேப்பமரத்தடியில் அரியமுத்து நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எந்தப் பெண்ணை ஏமாற்றினான் என்று யாரோ பக்கத்தில் விசாரித்தார்கள். அறிவழகன் நெற்றியெல்லாம் வேர்வை. முதல் கேள்விக்குத் தைரியமாகக் கையை நீட்டினான். நெருப்புக்குப் பக்கத்தில் போனதும் நின்றது.

"இரு. அது... ஒரு பல்பு வரிசைக்குப் பேர் வைக்காம விட்டாங்கன்னா... வரலாம்."

'வராது' என்பதை அழித்து 'இன்னும் எழுதவில்லை' என்று போட்டேன்.

"அடுத்தது?"

"அதுவும் வரலாம்னு வச்சுக்கயேன்."

ஆயிரம் தடவை கேட்டும் வராது வராது என்று சாதித்தவன், சூடத்தைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக வரலாம், வர வாய்ப்பு இருக்கிறது, எதற்கும் போட்டு வை என்று இறங்கி வந்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு, படாரென்று சூடத்தை அணைத்து, "இது சத்தியமா வராது" என்றான். அந்த ஒன்றை அப்படியே விட்டேன்.

எல்லாவற்றையும் மாற்றி முடித்து மணிவண்ணனிடம் கொடுத்தேன். அம்மன் போர்டுக்கான நிரலைப் போட்டான். சூலம் பாய்ந்தது, அசுரன் விழுந்தான், விழுந்தவன் விழுந்தபடியே கிடந்தான். பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம்.

"இன்னொண்ணு இருக்குக்கா. சாமி போர்டுக்கு நேரா வர்றப்ப சுத்தி பூ பார்டர் ஓடும். அதத் தனியா எழுதி வச்சிருக்கேன். அத இன்னும் ஓட்டிப் பாக்கல" என்றான்.

அதைக் கம்பைலரில் போட்டான். கம்பைலர் நின்றது. திரையில் ஒரு வரி: 'சுற்றுக்குள் சுற்று, ஐந்தாவது அடுக்கு: இன்னும் எழுதவில்லை.'

அறிவழகனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிப்பில் நான்கு அடுக்குக்குத்தான் இடம். ஐந்து அடுக்கு எந்த மனிதன் எழுதுவான், வரவே வராது என்று இவன் சொல்லி, சற்று முன்புதான் சூடத்துக்குப் பயந்து வரலாம் என்று மாற்றிய இடம் அது. மாற்றாமல் விட்டிருந்தால், அம்மன் தேரில் போர்டுக்கு முன்னால் வந்து நிற்கிற அந்த நிமிஷத்தில், பூ பார்டர் எதில் போய் விழுந்து என்ன கூத்து நடந்திருக்குமோ. அறிவழகன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அஞ்சாவது அடுக்கு இப்போ எழுத முடியாது மணி. நேரமில்ல" என்றேன். சொல்லவே கஷ்டமாக இருந்தது.

அவன் திரையை இன்னொரு தடவை படித்தான். பயப்படவே இல்லை. "இல்லங்கறத இப்பவே சொல்லிடுச்சுல்லக்கா. நாலுதான்னா நாலுக்குள்ள எழுதிக்கிறேன். உள்ள இருக்கற சுத்துல மூணே மூணு பூவுதான். அத சுத்தா போடாம வரிசயா எழுதிட்டாப் போச்சு." சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுதினான். அவன் எழுத, பூங்காவனம் விசிறிக்கொண்டே நின்றாள். கம்பைலர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. இந்த நிரலின் தலையிலும் அவன் சுழி போட்டிருந்ததை நான் கவனித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேளம் தொடங்கியது. தேர் கோயில் வாசலை விட்டு நகர்ந்ததும் மணிவண்ணன் பட்டனைத் தட்டினான். சிங்கம் பாய்ந்தது. சூலம் ஒரு ஒளிக்கோடாகப் போய் இறங்கியது. அசுரன் மல்லாந்து விழுந்தான். கூட்டத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். தேர் நேராக வந்து நின்றபோது பூ பார்டர் நான்கு பக்கமும் மலர்ந்து மலர்ந்து ஓடியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அறிவழகன் என்னைக் கேலி செய்யவில்லை, அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அரியமுத்து வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேரிலிருந்து விலகி எங்களை நோக்கி வந்தார். கையில் மாலை இருந்தது. மணிவண்ணன் கண்ட்ரோலர் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு எழுந்து நின்றான். பூங்காவனம் வழக்கம்போல நடுவில் நிற்பதற்காக ஓடி வந்தாள். பெரியவர் அவளைக் கையால் ஓரமாக ஒதுக்கினார்.

"அடுத்த வருசம் நீங்க இங்க செட்டு கட்டக் கூடாது" என்றார், மணிவண்ணன் முகத்தைப் பார்த்து.

மணிவண்ணன், "ஏன் மாமா? ஏதாச்சும் கொறைங்களா?" என்றான்.

"கொறைதான். ஊர்ல இருக்கற மாப்ளைங்க எல்லாம் அவங்கவங்க மாமனார்கூட சாமிக்கு முன்னாடி நிக்கிறாங்க. எம் மாப்ள மட்டும் இங்க வயரப் புடிச்சிட்டு உக்காந்திருந்தா நான் யாருகூட நிக்கிறது? நாலு ஆள வேலைக்கு வச்சு கட்டுங்க. நீங்க வந்து எம் பக்கத்துல நில்லுங்க."

மாலையை அவன் கழுத்தில் போட்டுவிட்டுத் திரும்பித் தேரை நோக்கி நடந்தார். நாலு எட்டு போய் நின்று, "என்ன மாப்ள, அடுத்த வருசம் வரைக்கும் அங்கயே நிக்கப் போறீங்களா?" என்றார்.

மணிவண்ணன் ஸ்க்ரூடிரைவரை என் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அவர் பின்னால் ஓடினான்.